வடிகுழாயோடு வீடு திரும்பும் பெண்கள்

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட பெண்ணைச் சில நாட்களிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். மார்பில் கட்டு, பையில் வலி மாத்திரைகள், விலாப்பக்கத் தோலிலிருந்து வெளியே வரும் ஒரு மெல்லிய குழாய், அதன் முனையில் கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் குடுவை ஒன்று. தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றி, சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வெருலத்திலும் டோங்காட்டிலும் வாழும் நம் குடும்பங்களில், கட்டைப் பற்றியும் மாத்திரையைப் பற்றியும் விசாரிக்கிறவர்கள் இந்தக் குழாயைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. அது மேலாடைக்குள் மறைந்துகொள்கிறது. பார்க்க வந்தவர்கள் போனபிறகு, குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, நோயாளி தானே அதைக் காலி செய்கிறார். அல்லது பயந்துபோய் யாரிடமும் சொல்லாமல் அப்படியே விட்டுவிடுகிறார்.

காயத்தின் நீரை வெளியேற்றும் வாய்க்கால் என்று மட்டும் இதை நினைப்பதால் வருகிற விளைவு இது. உண்மையில் வடிகுழாய் ஓர் அளவுகோலும்கூட. தைத்து மூடிய தோலுக்கு அடியில் என்ன நடக்கிறது என்பதை மருத்துவர் கண்ணால் பார்க்க முடியாது. ஒரு நாளில் எத்தனை மில்லி வடிந்தது, என்ன நிறத்தில் வடிந்தது என்பதை வைத்தே பெரும்பாலும் அவர் முடிவெடுக்கிறார். அந்த அளவை எடுத்து எழுதும் வேலை மருத்துவமனையிலிருந்து நம் சமையலறை மேசைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஆகவே அதை வீட்டில் குறைந்தது ஒருவராவது நோயாளியோடு சேர்ந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது.

நீர் ஏன் சேர்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். மார்பகத் திசுவை எடுத்தபின், தோலுக்கும் நெஞ்சுத் தசைக்கும் நடுவே ஒரு வெற்றிடம் உண்டாகிறது. அக்குளிலிருந்து, நிணநீரை வடிகட்டும் சிறு முடிச்சுகளான நிணநீர்க் கணுக்களையும் எடுத்திருந்தால், அவற்றுக்குள் வந்து சேர்ந்துகொண்டிருந்த நுண்ணிய நிணநீர்க் குழல்கள் அறுபட்டுத் திறந்த வாயோடு நிற்கின்றன. அவற்றிலிருந்து கசியும் நிணநீரும், காயம் ஆறும்போது உடல் சுரக்கும் நீரும் அந்த வெற்றிடத்தில் தேங்குகின்றன. இந்தத் தேக்கத்தை மருத்துவர்கள் செரோமா என்பார்கள். நீர் தேங்கினால் மேல்தோல் கீழ்த்தசையோடு ஒட்டாது; ஒட்டாத இடத்தில் மேலும் நீர் சேரும்; தையல் இழுபடும்; கிருமி வளர இடம் கிடைக்கும். குழாயின் உறிஞ்சல் இரண்டு வேலைகளைச் செய்கிறது: நீரை வெளியே எடுக்கிறது, தோலைத் தசையின்மேல் படிய வைக்கிறது. இரண்டாவது வேலை கண்ணுக்குத் தெரியாது என்றாலும் முதலாவதைவிட அது எவ்விதத்திலும் குறைந்ததல்ல.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வில்லியம் ஹால்ஸ்டெட் 1894இல் தம் முறையை வெளியிட்ட பின், மார்பகத்தோடு நெஞ்சுத் தசையையும் அக்குள் கணுக்களையும் சேர்த்து அகற்றுவதே பல பத்தாண்டுகள் வழக்கமாக இருந்தது. அவ்வளவு பெரிய வெற்றிடத்தில் நீர் தேங்குவது தீராத தொல்லையாகவே நீடித்தது. உறிஞ்சும் அழுத்தத்தால் அந்த இடத்தை மூடலாம் என்று மர்ஃபி என்ற அறுவை மருத்துவர் 1947இல் எழுதினார். பிரான்சில் ஹென்றி ரெடான் 1954இல் மூடிய வெற்றிடக் குப்பி முறையைக் கொண்டுவந்தார். இன்று நம் வார்டுகளில் காணும் குப்பிகளும் குடுவைகளும் அந்த வழியில் வந்தவையே. 1990களில், புற்று பரவினால் முதலில் சென்று சேரும் காவல் கணுவை மட்டும் எடுத்துச் சோதிக்கும் முறை பரவியபிறகு, அக்குள் முழுவதையும் திறக்க வேண்டிய தேவை பலருக்கு இல்லாமல் போயிற்று. எனவே, கட்டியை மட்டும் அகற்றிக்கொண்ட பக்கத்து வீட்டுப் பெண் குழாயே இல்லாமல் வரலாம். மார்பகம் முழுவதும் அகற்றி அக்குளையும் துப்புரவு செய்தவர், அதாவது அங்குள்ள கணுக்களையும் எடுத்தவர், இரண்டு குழாய்களோடு வரலாம். குழாய் இருப்பதால் நோய் முற்றிவிட்டது என்றோ, இல்லாததால் நோய் லேசானது என்றோ பொருளில்லை. தோலை உள்தசையோடு பல இடங்களில் தைத்து வெற்றிடத்தையே குறைத்துவிட்டுக் குழாய் வைக்காமல் முடிக்கும் மருத்துவர்களும் உண்டு.

குடுவைகள் ஒரே வகையல்ல. கைக்குண்டு வடிவில் மென்மையாக, ஏறக்குறைய 100 மில்லி கொள்ளும் ஜாக்சன் பிராட் வகை ஒன்று. இதை அமுக்கித் தட்டையாக்கி மூடினால், பழைய வடிவத்துக்கு விரிய முயலும் விசையே உறிஞ்சும் விசையாகிறது. மற்றொன்று, தொழிற்சாலையிலேயே காற்றை வெளியேற்றி வைத்த கெட்டியான குப்பி. இதை வீட்டில் திறக்கவோ காலி செய்யவோ கூடாது. மட்டத்தைக் குறித்துக்கொண்டு, மூடியிலுள்ள மடிப்புக் குமிழ் சுருங்கி இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். அது விரிந்துவிட்டால் குப்பியின் உறிஞ்சும் விசை போய்விட்டது என்று பொருள். குப்பியைச் செவிலியர் மாற்றித் தருவார். ஒரு வகைக்குச் சொன்ன அறிவுரையை மற்றதற்குச் செய்தால் கெடுதலே விளையும். வீட்டுக்குப் புறப்படும் முன், கையிலிருப்பது எந்த வகை என்பதை வார்டு சிஸ்டரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

என் சின்னம்மாவை ஒரு வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்கு அனுப்பினார்கள். விளக்கம் நடைபாதையில் ஒரு நிமிடம், அதுவும் விரைந்த ஆங்கிலத்தில். நாங்கள் தலையாட்டிவிட்டு வந்தோம். சனிக்கிழமை காலை குடுவை மாங்காய்போல உப்பி இருந்தது. உள்ளே வெறும் இரண்டு தேக்கரண்டி நீர். வடிவது நின்றுவிட்டது, காயம் ஆறிவிட்டது என்று எல்லோரும் மகிழ்ந்தோம். ஞாயிறு இரவு அக்குளுக்குக் கீழே தோல் மெத்தென்று வீங்கியது. திங்களன்று கிளினிக்கில் சிஸ்டர் குடுவையைத் திறந்து, உள்ளங்கையால் நன்றாக அமுக்கி, அமுக்கிய கையை விடாமலே மூடியை அழுத்தி மூடினார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழாயில் இளஞ்சிவப்பு நீர் ஓடிவந்து 70 மில்லிக் கோட்டைத் தொட்டது. நாங்கள் காலி செய்தபின் அமுக்காமல் மூடியிருந்தோம். எந்தப் பழுதும் இல்லாத ஒரு குழாய் இரண்டு நாள் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது, அந்த ஒரே ஓர் அசைவை யாரும் எங்களுக்குச் செய்து காட்டாததால். உப்பிய குடுவை உறிஞ்சாது, தட்டையான குடுவைதான் உறிஞ்சும் என்ற ஒன்றை மட்டும் அன்று தெரிந்திருந்தால் போதும்.

காலி செய்யும் முறையை அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். கைகளைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவித் துடைத்துக்கொள்ள வேண்டும். குடுவையைக் காயத்தின் மட்டத்துக்குக் கீழேயே பிடித்து, மூடியைத் திறந்து, அதன் வாயையும் மூடியின் உட்புறத்தையும் விரல் படாமல், அளவுக் கிண்ணத்தில் கவிழ்க்க வேண்டும். கிண்ணத்தை மேசைமேல் வைத்து, குனிந்து, கண்ணுக்கு நேராக மட்டத்தைப் படிக்க வேண்டும். நின்றபடி மேலிருந்து பார்த்தால் 5, 10 மில்லி தவறுவது எளிது. பிறகு குடுவையை அமுக்கித் தட்டையாக்கி, அமுக்கியபடியே மூட வேண்டும். நீரைக் கழிப்பறையில் ஊற்றி, கிண்ணத்தைக் கழுவி, மறுபடி கைகழுவி, உடனே எழுத வேண்டும். பொதுவாகக் காலையும் மாலையும் என இரண்டு வேளை போதும். முதல் நாட்களில் குடுவை பாதி நிறைந்தாலே காலி செய்வது நல்லது, ஏனெனில் நிறைய நிறைய அதன் உறிஞ்சல் குறைகிறது. இரண்டு குழாய்கள் இருந்தால் குடுவைகளில் 1, 2 என்று பிளாஸ்திரி ஒட்டி, தனித்தனியே எழுத வேண்டும். கூட்டித் தொகையாக எழுதினால் எதை முதலில் எடுப்பது என்று மருத்துவருக்குத் தெரியாமல் போகும்.

கைகழுவுதல் என்று எழுதுவது எளிது. 2022 ஏப்ரல் பெருவெள்ளத்தில் டோங்காட்டின் குடிநீர் நிலையம் சேதமடைந்து, அந்த ஊர் பல மாதம் லாரித் தண்ணீரை நம்பி வாழ்ந்ததை நாம் மறக்கவில்லை. வீட்டுக் குடிநீர்க் குழாயில் தண்ணீர் வராத நாட்களுக்கென்று, கொதிக்கவைத்து ஆறிய நீரை மூடியுள்ள பாத்திரத்தில் தனியே எடுத்துவையுங்கள். வாளிக்குள் கையை விட்டு அலசக்கூடாது. ஒருவர் குவளையால் ஊற்ற மற்றவர் சோப்போடு கழுவ வேண்டும். கை அழுக்காக இல்லாதபோது ஆல்கஹால் கலந்த கைத்தூய்மியும் போதுமானது. மின்வெட்டு நேரத்தில் கைப்பேசி வெளிச்சத்தில் அளவு படிக்க நேர்ந்தால், நீரின் நிறத்தை மறுநாள் பகலில் இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வெளிச்சத்தில் சிவப்பும் பழுப்பும் ஒன்றுபோலவே தெரியும்.

நிறத்தைப் பற்றித்தான் நம் வீடுகளில் அதிகக் குழப்பம். முதல் ஓரிரு நாட்கள் வடிவது இரத்தம் கலந்து சிவப்பாக இருக்கும். பிறகு இளஞ்சிவப்பாகி, ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் வைக்கோல் நிறத்துக்கு வரும். அந்த மஞ்சளைப் பார்த்துத்தான் பெரியவர்கள் கலங்குகிறார்கள். “சீழ்தானே இது? என்கிட்ட மறைக்கிறீங்களா?” என்று சின்னம்மா ஆறாம் நாள் என்னிடம் கேட்டார். தெளிந்த மஞ்சள் நீர் சீழ் அல்ல. அது காயம் ஆறும் வழியில் இருப்பதன் அடையாளம். சீழ் கெட்டியாக, கலங்கலாக, பெரும்பாலும் நாற்றத்தோடு வரும். மிக அரிதாகப் பால்போல வெள்ளையாக வடிவதும் உண்டு. அதை உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

சீழ் வைக்கும் என்ற அச்சத்தில் மீன், முட்டை, கத்தரிக்காய், தக்காளி எல்லாவற்றையும் நிறுத்தி, வெறும் கஞ்சியில் பத்தியம் காக்கும் வழக்கம் இங்கும் தொடர்கிறது. இதை நான் மரியாதையோடு, ஆனால் திட்டமாக மறுக்கிறேன். வடியும் நீரில் புரதம் இருக்கிறது. அதை நாள்தோறும் இழக்கும் உடலுக்கு, தோல் ஒட்டி ஆறவும் புரதமே வேண்டும். பருப்பு, ஷுகர் பீன்ஸ் கறி, முட்டை, மீன், தயிர் எல்லாம் சாப்பிடலாம். புரட்டாசி விரத மாதத்தில் அறுவை நடந்தால் விரதத்தை விட வேண்டியதில்லை. பருப்பையும் பீன்ஸையும் தயிரையும் கூட்டிக்கொள்ளுங்கள். நம்மில் சர்க்கரை நோய் மிகுதி என்பது தெரிந்ததே. சர்க்கரை கட்டுப்படாவிட்டால் காயம் தாமதமாக ஆறும், தொற்றும் எளிதில் வரும். பார்க்க வருகிறவர்கள் கொண்டுவரும் பலகாரத்தை அன்போடு வாங்கி வேறு அறையில் வைத்துவிடலாம். குழாய் நுழையும் இடத்தில் மஞ்சள்தூளோ விபூதியோ எண்ணெயோ படக்கூடாது. திறந்த வாய் அது. எதைப் பூசினாலும் உள்ளே போகும்.

சில நாள் குழாய்க்குள் கருஞ்சிவப்பு நூல்போல ஏதோ தெரியும். அது இரத்தக் கட்டி அல்லது நார்ப்படலம். அது அடைத்துக்கொண்டால் நீர் குழாய் வழியாக வராமல் பக்கவாட்டில் கசிந்து கட்டை நனைக்கும். தோலுக்கு அருகே ஒரு கையின் விரல்களால் குழாயை அசையாமல் இறுகப் பிடித்துக்கொண்டு, மறு கையின் விரல்களால் குழாயை நெருக்கியபடி குடுவையை நோக்கி மெல்ல உருவ வேண்டும்; மாட்டில் பால் கறந்தவர்களுக்கு இந்த அசைவு சொல்லாமலே புரியும். ஆல்கஹால் துடைப்பான் ஒன்றை விரலிடை வைத்துக்கொண்டால் வழுக்கிக்கொண்டு போகும். முதல் கையை விட்டுவிட்டு உருவினால் தோலில் போட்ட தையல் இழுபடும். எல்லா மருத்துவர்களும் இதைச் செய்யச் சொல்வதில்லை. உங்கள் மருத்துவர் சொல்லியிருந்தால் மட்டும், ஒருமுறை அவர்கள் முன்னால் செய்து காட்டிவிட்டுச் செய்யுங்கள். ஊசியால் நீர் ஏற்றிக் கழுவுவதை வீட்டில் ஒருபோதும் முயலக்கூடாது.

குடுவையைத் தொங்கவிட்டால் அதன் கனம் முழுவதும் தையலில் விழும். உட்பாவாடையின் இடுப்புப் பட்டையிலோ நைட்டியின் உள்பக்கத்திலோ ஊக்கால் குத்திக்கொள்ளலாம். ஊக்கு குடுவையின் காதில் நுழைய வேண்டும், குழாயைத் தொடக்கூடாது. இன்னும் நல்லது, பழைய பருத்திச் சேலையில் சின்னப் பை தைத்துத் தோள்பட்டையில் மாட்டிக்கொள்வது. குளிக்கும்போது கழுத்தில் ஒரு நாடாவில் தொங்கவிடலாம். எப்போது உடல் முழுக்க நீர் விடலாம் என்பதை மருத்துவர் சொல்வார். அதுவரை ஈரத்துணியால் துடைத்துக்கொள்வதே சரி, கடல் குளியலும் தொட்டிக் குளியலும் குழாய் இருக்கும்வரை கிடையாது. டர்பன் கோடையின் புழுக்கத்தில் வியர்வையால் பிளாஸ்திரி உரிந்துகொண்டே இருக்கும். மாற்றுப் பிளாஸ்திரியும் காஸ் துணியும் கூடுதலாகக் கேட்டு வாங்கிவாருங்கள். காரில் போகும்போது இருக்கைப் பட்டிக்கும் மார்புக்கும் நடுவே ஒரு சின்னத் தலையணை வைத்துக்கொண்டால் குலுக்கல் தெரியாது.

பூசை அறைக்குள் போகலாமா, விளக்கேற்றலாமா என்று கேட்கும் பெண்கள் இருக்கிறார்கள். உடலிலிருந்து நீர் வடிவதைத் தீட்டு என்று நினைத்து, மிகவும் ஆறுதல் தேவைப்படும் நாட்களில் தாங்களே விலகி நிற்கிறார்கள். இது மருத்துவக் கேள்வி அல்ல என்றாலும் சொல்கிறேன்: ஆறிக்கொண்டிருக்கும் காயத்தில் எந்தத் தீட்டும் இல்லை. தைப்பூசத்துக்குக் காவடி தூக்குவதை மட்டும் அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் கைக்காக.

கையை ஆட்டலாமா, அசைக்கவே கூடாதா என்பதில் வீட்டில் இரண்டு கட்சிகள் உருவாகும். இரண்டுமே பாதி சரி. ஆட்டாமலே வைத்திருந்தால் தோள்மூட்டு இறுகிவிடும். முதல் நாட்களிலேயே அளவுக்குமீறி உயர்த்தினால் வடியும் நீர் கூடி, குழாய் எடுப்பது தள்ளிப்போகும். தலைவாருவது, முகம் கழுவுவது, விரல்களை மடக்கி விரிப்பது, முழங்கையை மடக்குவது எல்லாம் முதல் நாளிலிருந்தே செய்யலாம். குழாய் இருக்கும்வரை கையைத் தோள் மட்டத்துக்குமேல் உயர்த்தாமல், நீர் நிறைந்த குடம், அரிசிப் பை, பேரக்குழந்தை எதையும் அந்தக் கையால் தூக்காமல் இருப்பதே பொதுவான அறிவுரை. குழாய் எடுத்தபின் பயிற்சிகளைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும், அதைக் கைவிட்டுவிடக் கூடாது.

சில நேரங்களில் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். நீர் திடீரென்று பளிச்சென்ற சிவப்பாக மாறி, குடுவை ஒரு மணி நேரத்துக்குள் நிறைந்தால் உள்ளே இரத்தம் கசிகிறது என்று கொள்ள வேண்டும். அது நள்ளிரவானாலும் அவசரம்தான். காய்ச்சல் 38 டிகிரிக்கு மேல் போவது, குழாயைச் சுற்றிய சிவப்பு நாளுக்கு நாள் பரவுவது, சீழ் அல்லது நாற்றம், நன்றாக வடிந்துகொண்டிருந்தது சட்டென்று நின்று மார்போ அக்குளோ வீங்குவது, ஒவ்வொரு முறை அமுக்கி மூடியும் குடுவை காற்றால் உப்பிவிடுவது ஆகியவற்றை அன்றே தெரிவிக்க வேண்டும். குழாய் முழுவதும் வெளியே வந்துவிட்டால் அதை உள்ளே தள்ள வேண்டாம். சுத்தமான காஸ் துணியால் துளையை மூடி, வந்த குழாயையும் எடுத்துக்கொண்டு போங்கள், முனை உடைந்து உள்ளே தங்கியிருக்கிறதா என்று அவர்கள் பார்க்க வேண்டியிருக்கும்.

கடைசியாக, எடுக்கும் நாள். நாட்காட்டியை மட்டும் வைத்து அதை முடிவு செய்வதில்லை. 24 மணி நேரத்தில் ஒரு குழாயில் வடிவது 30 மில்லிக்குக் குறைந்து, அப்படியே இரண்டு நாள் தொடர்ந்தால் எடுக்கலாம் என்பது பரவலான வழக்கம். 20 என்றோ 50 என்றோ கோடு போடும் மருத்துவர்களும் உண்டு. பலருக்கு இது ஒன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள் நடக்கிறது. உடல் பருமன் உள்ளவர்களுக்கும் அக்குள் முழுவதும் துப்புரவு செய்தவர்களுக்கும் நீளலாம். குழாய் நீண்ட நாள் இருக்க இருக்க அதன் வழியே தொற்று ஏறும் வாய்ப்பும் கூடுவதால், அளவு குறையாவிட்டாலும் ஒரு கட்டத்தில் எடுத்துவிடுவார்கள். இங்கேதான் வீட்டுக் குறிப்பு தன் வேலையைச் செய்கிறது. சின்னம்மாவின் பேத்தி தன் பள்ளி நோட்டில் நான்கு கட்டம் போட்டிருந்தாள்: தேதி, நேரம், மில்லி, நிறம். 130இல் தொடங்கிய பக்கம் 90, 85, 60 என்று இறங்கி, தோளுக்குமேல் கை உயர்த்தித் துணி உலர்த்திய ஒரு நாளில் மறுபடி 95க்கு ஏறி, பிறகு 40, 25, 20 என்று முடிந்திருந்தது. சிஸ்டர் காயத்தைப் பார்ப்பதற்கு முன் அந்தப் பக்கத்தைத்தான் பார்த்தார். “இந்த நாள் என்ன நடந்தது?” என்று 95ஐத் தொட்டுக் கேட்டார். கையில் எழுதிய தாள் இல்லாமல் போகிறவர்களைப் பெரும்பாலும் இன்னும் சில நாள் பார்க்கலாம் என்று திருப்பி அனுப்புவார்கள். பேருந்தும் டாக்ஸியும் மாறிப் போகிறவர்களுக்கு அது ஒரு முழு நாள்.

எடுப்பதற்குச் சில நொடிகள்தான். தையலை வெட்டி, மூச்சை ஆழ இழுத்து விடச்சொல்லி, விடும்போது ஒரே சீராக இழுத்துவிடுகிறார்கள். உள்ளே இருந்த நீளம் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருப்பதைப் பார்த்துப் பலர் திகைக்கிறார்கள்; வலியைவிட இழுபடும் உணர்வுதான் மிகுதி. துளை ஓரிரு நாள் கசிந்துவிட்டுத் தானே மூடிக்கொள்ளும்.

அதன்பிறகும் நீர் தேங்கலாம். குழாய் எடுத்த சில நாளில் மார்பின் கீழோ அக்குளிலோ தண்ணீர்ப் பைபோலத் தளும்பினால், அது நோய் திரும்பி வந்ததன் அடையாளம் அல்ல. குழாய் இல்லாததால் வெளியேற வழியில்லாத செரோமாதான். சிறிதாக இருந்தால் உடலே உறிஞ்சிக்கொள்ளும். இறுக்கமாகி வலித்தால் கிளினிக்கில் ஊசியால் எடுப்பார்கள். சிலருக்கு இரண்டு மூன்று முறைகூடத் தேவைப்படும். ஊசி என்றதும் சின்னம்மா என் கையை இறுகப் பற்றிக்கொண்டு கண்ணை மூடினார். அக்குள் அறுவையில் மேல்கையின் உட்புறத்துக்குப் போகும் உணர்ச்சி நரம்பு பெரும்பாலும் பாதிக்கப்படுவதால் அந்தப் பகுதித் தோல் மரத்திருக்கும் என்று சிஸ்டர் சொல்லிக்கொண்டே 60 மில்லி எடுத்து முடித்தபோதும், எப்போது குத்தப்போகிறீர்கள் என்றுதான் சின்னம்மா கேட்டார்.